ஐம்பது அங்குல டைம்டேபிள்

காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு அவர் துணி தேய்க்கும் மேசையை விரிக்கிறார். துணி தேய்ப்பதற்கு அல்ல. அதன் கால்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, மேலே கீபோர்டை வைக்கிறார். வலது ஓரத்தில் மவுஸுக்காக ஒரு பழைய காலண்டர் அட்டையைப் போடுகிறார். இரண்டு மரப்பலகைகள் மேல் ஏற்றி வைத்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ரிமோட்டைச் சுவரை நோக்கி நீட்டி அழுத்துகிறார். ஐம்பது அங்குல டிவி கண் விழிக்கிறது. அதில் செய்தி வராது, பாட்டு வராது. ஊரில் ஓடும் நூற்றுப் பன்னிரண்டு பஸ்களும் புறப்படும் நேரம், சேரும் நேரம் சகிதம் வரிசை வரிசையாக வந்து நிற்கும்.

நான் எதிர்க் கட்டடத்தில், அதே மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். இரண்டு சன்னல்களுக்கும் நடுவே குறுகலான ஒரு தெருதான். பஸ் நேரம் பார்க்க வேண்டுமென்றால் நான் போனைத் திறப்பதில்லை, சன்னலைத் திறக்கிறேன். அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லைதான். ஆனால் ஒருவர் தன் வேலையைச் சுவர் அகலத்துக்கு விரித்து வைத்திருந்தால், பார்க்காமல் இருப்பதற்குத்தான் தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

தெருவில் அவருக்கு டைம்டேபிள் அக்கா என்று பெயர். வயது ஐம்பத்து நான்கு. ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடும் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும், டிரைவர் எங்கே டீ குடிக்க வேண்டும், கடைசி நிறுத்தத்தில் வண்டி எத்தனை நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. அந்தச் சும்மா நிற்கும் நிமிடங்களுக்கு அவர் ‘மூச்சு’ என்று பெயர் வைத்திருக்கிறார். “மூச்சு வெக்காத டைம்டேபிள் பத்து மணிக்குள்ள செத்துடும் தம்பி” என்பார். என் தலை நரைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. இருந்தாலும் அவருக்கு நான் எதிர்வீட்டுத் தம்பிதான்.

டிவி அவருடையதல்ல, கணவருடையது. கணவர் அதே கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் டிரைவர். ஓய்வு பெற்ற நாளில் டிப்போ ஆட்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பரிசு அந்த டிவி. சோபாவில் படுத்தபடி மேட்ச் பார்ப்பதற்கு வாகாக, அதை அவரே அளந்து, கொஞ்சம் உயரத்தில் மாட்டினார். மூன்றாவது மாதம் அக்காவின் கம்ப்யூட்டர் திரை ஒரு திங்கட்கிழமை காலையில் கறுத்துப் போனது. ஆபீசில் புதியது அனுப்புவதாகச் சொன்னார்கள். “ரெண்டு நாளைக்குத்தாங்க” என்று சொல்லிவிட்டு, அக்கா ஒரு கேபிளை எடுத்து டிவியின் முதுகில் சொருகினார். அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸ் அனுப்பிய புதுத் திரை பிரிக்காத பெட்டியிலேயே வாசலுக்கு உள்ளே நிற்கிறது. இப்போது அதன் மேல் செருப்புகள் இருக்கின்றன.

“சின்னத் திரையில ஒரு பஸ்ஸோட தலை தெரிஞ்சா வால் தெரியாது. இதுலதான் முழு ஊரும் ஒரே பார்வையில படுது” என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆபீசில் போர்வை அகலத் தாளை மேசை மேல் விரித்து, நின்றுகொண்டே பென்சிலால் போட்டுப் பழகிய கை அது.

டிவிக்கோ தான் கம்ப்யூட்டர் திரையாகிவிட்டது இன்னமும் தெரியாது. நான்கு மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடவில்லை என்றால், பஸ்களுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்து, ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று கேட்கும். “பின்ன, தூங்கிட்டா இருக்கேன்?” என்று அவர் வாய்விட்டே பதில் சொல்வார். கடிதம் வந்தால் டிவியின் ஒலிபெருக்கி வழியாக ‘டிங்’ என்று கேட்கும். அது கீழ்த் தளம் வரைக்கும் போகும். “மேல மெயில் வந்திருக்கு” என்று கீழ்வீட்டு டெய்லர் தையல் மிஷினை நிறுத்தாமலே சொல்வார்.

வேடிக்கை எல்லாம் புதன்கிழமை மீட்டிங்கில்தான். மேனேஜரின் முகம் பீரோக் கதவு அளவுக்கு வந்து நிற்கும். அவர் காலையில் சரியாகச் சவரம் செய்தாரா இல்லையா என்பது என் வீட்டிலிருந்தே தெரியும். டிரைவர் பனியனோடு பின்னால் நடந்து போகக்கூடாது என்பது விதி. அவர் நடக்க மாட்டார், நின்றுவிடுவார். “சார், பதினாலாம் நம்பர்ல மார்க்கெட் முனையில வண்டிய நிறுத்தவே எடமில்ல, யாராவது போய்ப் பாத்தீங்களா?” என்று பீரோவைப் பார்த்துக் கேட்பார். மேனேஜர் முன்பு அவருக்குக் கீழே கண்டக்டராக இருந்தவர். பழக்க தோஷத்தில் “பாக்குறேண்ணே” என்று சொல்லிவிடுவார்.

இப்படி டிவி கைமாறியதில் வீட்டில் சண்டை வந்திருக்க வேண்டும். வரவும் வந்தது. அக்கா அதைத் தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்தார். டிவிக்கு ஒரு டைம்டேபிள் போட்டு, அச்செடுத்து, அதன் அடியிலேயே ஒட்டிவிட்டார். ஏழிலிருந்து ஒன்று வரை வேலை. ஒன்றிலிருந்து இரண்டு வரை டிரைவர். இரண்டிலிருந்து மூன்று பத்து வரை மறுபடி வேலை. மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பது வரை ‘சூரியன்’ என்று போட்டிருக்கும். அந்த நாற்பது நிமிடம் வெயில் நேராகத் திரையில் விழுவதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அக்கா துணி மடிக்கப் போய்விடுவார். நான்கிலிருந்து ஐந்து வரை ‘லாரி’. ஐந்துக்கு மேல் முழுக்க டிரைவருக்கு. ஞாயிறு மதியமும் அவருக்கே, ஏனென்றால் அன்று மேட்ச் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நடுவே ஐந்து நிமிடம் மூச்சு. மேட்ச் கடைசிக் கட்டத்தில் இருந்தால் அந்த மூச்சிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவர் தன் பங்குக்கு ரிமோட்டின் முதுகில் ஒரு தாளை ஒட்டினார். ‘ஸ்போர்ட்ஸ் மோடு. யாரும் மாற்றக்கூடாது.’ பந்து இழுபடாமல் வழுவழுவென்று ஓட வேண்டும், புல் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. அக்கா அதைக் கடைசி வரை தொடவில்லை. அவருக்கு ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான்.

லாரி என்று சொன்னேன். அது ஒரு விளையாட்டு. மருமகன் ஒருமுறை வந்தபோது கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. மேசை விளிம்பில் மாட்டும் ஒரு சின்ன ஸ்டியரிங், தரையில் வைக்கும் இரண்டு பெடல். சரக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். முதலில் பஸ் விளையாட்டுத்தான் போட்டுக் கொடுத்தாராம். “அதுல டைம்டேபிள் மகா மட்டம் தம்பி. மூச்சே இல்ல” என்று சொல்லி, அக்கா அதைச் செய்த கம்பெனிக்கு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு லாரிக்கு மாறினார். நான்கு மணிக்கு நான் டீ எடுத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தால், எதிர்ச் சுவரில் பனி பெய்துகொண்டிருக்கும். அக்கா நாற்காலியில் முன்னால் குனிந்து, துணி தேய்க்கும் மேசை கிடுகிடுவென்று ஆட, ஒரு பெரிய லாரியை வளைவில் திருப்பிக்கொண்டிருப்பார்.

பக்கத்தில் சோபாவில் டிரைவர் போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதாகப் பாவனை. ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அங்கே பெடல் ஒன்றும் கிடையாது. முப்பத்தொரு வருடப் பிரேக் அந்தக் காலை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் பயணியாகப் போனாலும் அழுத்துவார், முடிவெட்டும் நாற்காலி கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் அழுத்துவார். இத்தனைக்கும் இடது முழங்காலில் அறுவை செய்து, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவர்களுக்குக் கல்யாணம் ஆன கதையே ஒரு டைம்டேபிளில்தான் தொடங்குகிறது. முப்பது வருடத்துக்கு முன்னால், பதினாலாம் நம்பர் பஸ்ஸுக்கு மார்க்கெட் முனையிலிருந்து பாலத்து வளைவு வரைக்கும் அக்கா ஏழு நிமிடம் போட்டிருந்தார். அந்த பஸ்ஸை ஓட்டியவர் அட்டவணையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ஆபீசுக்குள் வந்தார். “இதப் போட்டது யாரு?” “நான்தான்.” “ஏழு நிமிஷத்துல நீங்க வந்து ஓட்டிக் காட்டுங்க பாப்போம்.” அக்காவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மறுநாள் கையில் கடிகாரத்தோடு அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒன்பது நிமிடம் என்று குறித்துக்கொண்டு இறங்கினார். அட்டவணை திருத்தப்பட்டது. ஒரு வருடத்துக்குள் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். “ஓட்டிக் காட்டச் சொன்னேன், இன்னும் காட்டல” என்று டிரைவர் இன்றைக்கும் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேச்சு விளையாட்டாக இருந்தது போன வருடம் வரைக்கும். போன வருடம் மகள் வீடு மாறினாள். ஊரின் மறு கோடி. அங்கே போவது முப்பத்தொன்றாம் நம்பர் மட்டும்தான். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று. ஞாயிறு மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை அதுவும் கிடையாது. அந்த ட்ரிப்புகளை நிறுத்தியது யார் என்று கேட்டால், அக்காவேதான். மூன்று வருடத்துக்கு முன்னால், நான்கு பேர்கூட ஏறவில்லை என்று கணக்குப் பார்த்து எடுத்துவிட்டார். திரும்பப் போட்டுவிடலாமே என்று மேனேஜர் பீரோவிலிருந்து சொன்னபோது, அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “எம் பொண்ணுக்காக விட்டா அது பஸ் இல்ல சார், வாடகைக் கார்” என்றார்.

இந்த வருடம் மகள் முழுகாமல் இருக்கிறாள். முதல் குழந்தை. அவள் கணவன் வாரத்தில் நான்கு நாள் வெளியூர் போகிற வேலையில் இருப்பவன். வலி எடுத்தால் யார் போய் நிற்பது? வாடகைக் காரைக் கூப்பிட்டால் வந்துவிடாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். “கூப்பிட்டுப் பாத்தேன் தம்பி. போன்ல ஒரு வட்டம் சுத்துது, ‘காத்திருங்கள், காத்திருங்கள்’னு. புள்ள காத்திருக்குமா?” என்றார். வீட்டுக்குக் கீழே மகள் விட்டுப்போன பழைய கார் ஒன்று உறை போட்டு நிற்கிறது. ஒரு பூனை அதைத் தன் படுக்கையாக ஆக்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பூனையை எழுப்புவது என்று முடிவு செய்தார்.

முதலில் டிரைவரே சொல்லிக் கொடுக்கப் போனார். அது ஒரு நாள்தான் நடந்தது. அக்கா ஸ்டியரிங்கைத் தொடும்போதெல்லாம் அவர் தரையை மிதித்து, “ஏய்! ஏய்!” என்று கத்தி, பாலத்து வளைவில் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, சரியில்லாத முழங்காலோடு வீடு வரை நடந்தே வந்துவிட்டார். “இனிமே நீ ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்” என்று தெருவில் நின்றே சொன்னார். அக்கா மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். ஆசிரியை மகள் வயதுப் பெண். அவளுக்கும் அக்காவைப் புரியவில்லை. “எல்லாரும் லேட்டாத் திருப்புவாங்க ஆன்ட்டி. நீங்க மட்டும் ஏன் வளைவு வர்றதுக்கு முன்னாடியே திருப்புறீங்க?” என்று தினமும் கேட்டாள். கேட்கும்போதே, வளைவின் ஓரத்தில் பயிற்சிக்காக நட்டு வைத்த கம்பங்களில் ஒன்று விழுந்திருக்கும்.

முதல் தேர்வில் இரண்டு கம்பம். இரண்டாவது தேர்வில் ஒன்று, ஆனால் அது தேர்வு அதிகாரியின் காலருகே விழுந்தது. மூன்றாவதும் தவறினால் அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. மகளின் பிரசவத்துக்கு ஆறு வாரம்.

அந்த நாட்களில் எதிர்ச் சுவரில் லாரி ஓடிக்கொண்டே இருந்தது. சூரியன் நேரத்திலும் ஓடியது. ஒன்றும் தெரியாத திரையில், கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் ஓட்டுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் நாலரை மணிக்கு, இரண்டு பன்னை வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன்.

“வாங்க தம்பி, நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. நான் ரெண்டு நிமிஷம் கண்ண மூடுறேன்” என்று எழுந்து இடம் கொடுத்தார். நான் முறையாகக் கார் ஓட்டத் தெரிந்தவன். நாற்காலியில் ஏறினேன். முதல் வளைவு வந்தது. திருப்பினேன். லாரி ஒரு கணம் நேராகப் போய், பிறகு ஞாபகம் வந்தது போல் திரும்பி, பள்ளத்தில் இறங்கியது.

“நான் திருப்பினேன் அக்கா, அது திரும்பல” என்றேன்.

“அது அப்படித்தான் தம்பி. வளைவு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே திருப்பிடணும். ரெண்டு நாள்ல கை பழகிடும்.”

சோபாவில் இருந்த டிரைவர் போனைக் கவிழ்த்து வைத்தார். “எந்த வண்டியில அப்படி?”

“இதுலதான்.”

“எந்திரிங்க தம்பி” என்றார் என்னிடம்.

அவர் அந்த நாற்காலியில் ஏறியதே இல்லை. பொம்மை வண்டியைத் தொடமாட்டேன் என்று வீறாப்பாக இருந்தவர். இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார், அதில் ஏதோ சத்தம் வரப்போவது போல. “ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கு, திருப்பினா ஒடனே கேக்கல” என்றார். பிறகு என்னைத் திரை பக்கமாக நிற்க வைத்தார். “நான் திருப்பும்போது ‘ஹூம்’னு சொல்றேன். லாரி திரும்பும்போது நீங்க ‘ஹூம்’னு சொல்லுங்க. ஸ்டியரிங்கப் பாக்காதீங்க, லாரிய மட்டும் பாருங்க.”

“ஹூம்” என்றார் அவர். “ஹூம்” என்றேன் நான். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. நாலைந்து முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பார்த்தார், வயரைப் பார்த்தார். மேசையிலிருந்த மவுஸை நகர்த்தினார். திரையில் அம்பு அதே அளவு தாமதித்து நகர்ந்தது. அப்போதுதான் அவர் முகம் மாறியது. ரிமோட்டை எடுத்தார், திருப்பினார், தான் ஒட்டிய தாளைத் தானே படித்தார்.

பந்து வழுவழுவென்று ஓடுவதற்காக அந்த டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, மெருகு போட்டு, அப்புறம்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மேட்ச் பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஸ்டியரிங் பிடிப்பவருக்குத்தான் தெரியும். அக்காவின் கைகள் இரண்டு வருடமாக அந்தத் தாமதத்தைக் கற்றுக்கொண்டிருந்தன. டைம்டேபிள் போடுகிற கை வேறு என்ன செய்யும்? தாமதம் இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதற்கு ஏற்றாற்போல் முன்கூட்டியே புறப்பட்டுவிட வேண்டியதுதானே! அதே கைகள் நிஜக் காரிலும் முன்கூட்டியே திருப்பின. அங்கே கம்பங்கள் விழுந்தன.

டிரைவர் நகத்தால் சுரண்டித் தாளைக் கிழித்தார். பட்டியலில் கீழே ‘கேம்’ என்று ஒரு மோடு இருந்தது. “இது பசங்களுக்குன்னு விட்டுட்டேன்” என்று முணுமுணுத்து அதை அழுத்தினார். மலைப்பாதையோரப் புல் ஒரேயடியாக வெளுத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினார். இரண்டு ஹூமும் ஒன்றாக விழுந்தன.

பன்னைப் பாதி பிய்த்த அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு, “ரெண்டு வருஷமா ஆடுற ஸ்டியரிங்கக் குடுத்துட்டு, என்னய ‘ஏய் ஏய்’னு கத்தினீங்க” என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். டிரைவர் ரிமோட்டைப் பார்த்தபடி நின்றார். அக்கா என் பக்கம் திரும்பினார். “எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சுட்டேன் தம்பி. வயசாயிடுச்சு, இனிமே வராதுன்னு. எம் பொண்ணுகிட்ட சொல்லிடலாம்னுகூட இருந்தேன், அம்மாவால முடியலடீன்னு.” அப்போது அவர் கண் கலங்கியது. நான் அவசரமாகப் பன்னைக் கடித்தேன்.

மறுநாள் டிவிக்கு அடியில் திருத்திய அட்டவணை வந்தது. டிரைவரின் மதிய நேரத்தில் அரை மணி குறைக்கப்பட்டு, அது லாரியில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் முறையீடு எதுவும் செய்யவில்லை. வெளுத்த புல்லில் மேட்ச் பார்த்தார். “மழையே இல்லாத ஊர்ல ஆடுற மாதிரி இருக்கு” என்று ஒரு தடவை மட்டும் சொன்னார்.

கற்றதை மறப்பது கற்பதைவிடக் கஷ்டம் என்பதை அந்த வாரம் சன்னல் வழியாகப் பார்த்தேன். சொன்னதைச் சொன்ன நொடியில் கேட்கும் லாரியை அக்கா மலையின் உள்பக்கமாகவே மோதினார். முதல் நாள் பதினோரு தடவை. வேலையிலும் அம்பு சொல்லுக்கு முன்னால் ஓடி, பதினாலாம் நம்பரின் நேரத்தைப் பதினைந்தில் கொண்டுபோய் வைத்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர் என்பதால் ஊர் தப்பித்தது. டிரைவர் இப்போது சோபாவில் உட்காருவதில்லை, நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கத்தவில்லை. “இப்ப இல்ல… இப்ப இல்ல… இப்ப” என்று மெதுவாகச் சொன்னார். பத்தாவது நாள் அந்த ‘இப்ப’வும் தேவைப்படவில்லை. கால் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

தேர்வு நாளன்று நான் வழக்கம்போல் கதை எழுத உட்கார்ந்தேன், ஒரு வரி ஓடவில்லை. பதினொன்றரைக்குத் தெருமுனையில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. அக்கா இறங்கி, மேலே பார்த்து, என் சன்னலைக் கண்டுபிடித்து, “ஒரு கம்பம்கூட விழல தம்பி!” என்று தெருவே கேட்கக் கத்தினார். கீழ்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். டிரைவர் பால்கனியில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் உள்ளே போன வேகத்தில் முழங்கால் வலி தெரியவில்லை.

புது வழித்தடம் ஒன்றைத் தொடங்கினால் சோதனை ஓட்டம் விடாமல் அக்கா நேரம் குறிக்க மாட்டார். வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் மணி எழுத வேண்டும். அந்த வேலை எனக்கு விழுந்தது. ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, முப்பத்தொன்றாம் நம்பர் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு நோட்டும் தன் பழைய கைக்கடிகாரமும் கொடுத்து என்னைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். நோட்டில் கட்டங்கள் போட்டிருந்தார்: வீடு, மார்க்கெட் முனை, பாலத்து வளைவு, மகள் வீடு. பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மதில் மேல் போய் உட்கார்ந்தது.

சாவியைத் திருகப் போகும்போது முன்கதவு திறந்தது. டிரைவர். சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். துணி தேய்க்கும் மேசையை அவர் எப்போது காலி செய்தார் என்று தெரியவில்லை.

“மேட்ச் இல்லையா?” என்றார் அக்கா.

“ஓடுது, ஓடட்டும்” என்றார். “முன்சீட்டுல ஆள் இல்லாம சோதனை ஓட்டம் செல்லாது.” அப்படி ஒரு விதி கம்பெனியில் எப்போதும் இருந்ததில்லை.

வண்டி புறப்பட்டது. இரண்டு மணி ஐந்து என்று எழுதினேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்து, தெருமுனையில் நிதானமாகத் திரும்பினார். டிரைவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் வலது கால் தெரிந்தது. தெருமுனையில் மிதித்தது. சிக்னலில் மிதித்தது. மார்க்கெட் முனையில், குறுக்கே ஒரு தள்ளுவண்டி வந்தபோது, கால்மிதி சுருண்டு போகிற அளவுக்கு மிதித்தது. அக்கா தன் பிரேக்கைத் தன் நேரத்துக்கு மிதித்தார், தள்ளுவண்டிக்காரர் தாண்டிப் போனார், வண்டி மறுபடி நகர்ந்தது. நான் மணி எழுதினேன்.

அதற்குப் பிறகு சாலை நீளமாக இருந்தது. தூரத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தெரிந்தது, பிறகு வளைவு. முப்பது வருடத்துக்கு முன்னால் ஏழா ஒன்பதா என்று சண்டை போட்ட இடம், சில மாதங்களுக்கு முன்னால் அவர் கதவைத் திறந்து இறங்கிய இடம். அக்காவின் கைகள் அசையாமல் காத்திருந்தன. வளைவு வரட்டும் என்று காத்திருந்தன. வளைவு வந்தது, கைகள் திரும்பின, கார் கூடவே திரும்பியது.

“பாலம். எத்தன நிமிஷம், எழுதுங்க தம்பி” என்றார் அக்கா, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் டிரைவர் வலது கால் செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்தக் காலைத் தரையிலிருந்து தூக்கி, சீட்டின் மேல் மடித்து வைத்துக்கொண்டு, ஆற்றை வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்.